குழாயடியில் அவன் கேட்டது

என் செல்லச் சுண்டுவுக்கு,

உலகத்திலுள்ள அத்தனை மாடிகளையும் ஏறி இறங்கி முடித்துவிட்டு ஓய்வெடுக்கும் மாமன்னர், லிஃப்டுகளின் முடிசூடா அதிபதி, உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் இங்கே நான் சுகம், உன் சித்தி சுகம், என் இடது முழங்காலும் சுகம். வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்கட்சி நடத்துகிறது. அந்தக் குளிரில் நீ சுகமாக இருக்கவேண்டும் என்று சாப்பாட்டுக்கு முன்னால் நான் செய்கிற ஜெபம் நீண்டு நீண்டு, ஆமென் சொல்வதற்குள் எல்லாம் ஆறிப்போகிறது என்று சித்தி முறைக்கிறாள். எக்ஸ்ரே அறைக்குள் போகும்போது அந்தக் கனமான மேலங்கியை மறக்காமல் போட்டுக்கொள், தோள் வலிக்கிறது என்று கழற்றி வைக்காதே. இது அவள் எழுதச் சொன்னது. என்னைக் கேட்டால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொள் என்பேன். நான் வேலை பார்த்த ஆபீஸ் கட்டிடத்துக்குப் போன மாதம் ஒரு நடை போய்ப் பார்த்தேன். என் ஸ்டூல் இருந்த மூலையில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் ஏதோ ஒரு பெண்குரல் மாடியின் எண்ணைச் சொல்கிறது. வணக்கம் சொல்லிப் பார்த்தேன், பதில் இல்லை, பெரிய இடத்துப் பெண் போலிருக்கிறது. எத்தனை மேனேஜர்களை உயர்த்திய கை இந்தக் கை என்று அவளுக்கு யார் சொல்வது? அவர்களை மறுபடியும் கீழே இறக்கியதும் இதே கைதான், அது வேறு விஷயம்.

சரி, எழுத வந்ததை எழுதுகிறேன். போன வாரம் போனில் நான் உன் அண்ணனைப் பற்றியும் நம் சபையைப் பற்றியும் ஒரு விஷயம் சொன்னேன், நீ சிரித்தாய். கோபமில்லை மகளே. நான் ஆரம்பித்த விதம் அப்படி. வாயைத் திறந்தால் எனக்கு ஊர்வலம்தான் வருகிறது, முன்னால் யானை போகாமல் என் பேச்சு நகராது. யானையைப் பார்த்து நீ சிரித்துக்கொண்டிருந்தாய், பின்னால் வந்த பாடையைப் பார்ப்பதற்குள் லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு திரும்பக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. உன் சித்தப்பாவுக்கா தைரியம் வரவில்லை என்று கேட்காதே, வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பேனாவுக்கு என் குரல் தெரியாது பார்.

நீ புறப்பட்டுப் போன வருஷத்தில் நம் சபையில் சாவிச் சீட்டு யாருக்கு விழுந்தது என்று உனக்கே தெரியும். மற்ற சபைகளில் தலைவர், செயலாளர் என்று நாற்காலிக்கு நாற்காலி ஆள் இருப்பார்கள், நம்மிடம் சாவி மட்டும்தான். காணிக்கைப் பையில் எல்லார் பெயரையும் போட்டு, ஜெபம் பண்ணி, ஒரு சீட்டு எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அவர் அந்த வருஷத்துச் சாவி. அவர்தான் முதலில் வந்து கதவைத் திறக்கவேண்டும், பெருக்கவேண்டும், நாற்காலி போடவேண்டும், நோயாளிகளைப் போய்ப் பார்க்கவேண்டும், எல்லாரும் உட்கார்ந்த பிறகு மிச்சமிருக்கிற இடத்தில் உட்காரவேண்டும், கடைசியாகப் பூட்டவேண்டும். பேசுவது அவர் வேலை இல்லை, அது போதகர் வேலை. தலைமை வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் கையில் அது போய்விடக் கூடாது என்றுதான் நம் பழைய ஆட்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். உன் அண்ணன் பெயர் வந்தபோது நான் விசிலடித்தேன், ஞாபகமிருக்கிறதா? பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஊருக்கே விசில் ஊதுகிறவனுக்கு நான் ஊதினால் என்ன தப்பு என்று கேட்டேன். விசில் என்ற பட்டப்பெயர் அன்றைக்குத்தான் சபை முழுக்கப் பரவியது. உன் அப்பாவும் அம்மாவும் கண்ணை மூடியபின், பிள்ளையில்லாத எங்களிடம் உங்கள் இரண்டு பேரையும் கர்த்தர் கொடுத்தாரே, அந்தக் கணக்கு முழுசாகத் தீர்ந்தது என்று அன்றைக்குச் சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் நல்ல சாவியாக இருந்தான். அதை நான் மறைக்கமாட்டேன். தரை அப்படிப் பளபளத்தது, அதில் குனிந்து தலைவாரிக்கொள்ளலாம். ஆராதனை சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது, கூரை ஒழுகுவது நின்றது, படுக்கையில் கிடந்தவர்களுக்கு இவனே முகம் துடைத்துவிட்டான். அதற்குள் நம் போதகருக்குத் தொண்டையில் அறுவை நடந்து குரல் போய்விட்டது. யாராவது அறிவிப்பு வாசிக்கவேண்டுமே, கதவுப் பக்கமாக நின்றுகொண்டிருந்த விசில் வாசித்தான். அடுத்த வாரம் முன்னால் வந்து வாசித்தான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வருஷக்கணக்கில் முகம் பார்க்காத பங்காளிகள் இரண்டு பேரை முன்னால் கூப்பிட்டு, மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றான். சொன்னார்கள், அழுதார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் அழுதேன், எனக்கு முன்வரிசையில் இருந்தவர் சட்டை நனைகிற அளவுக்கு. அதிலிருந்து வாராவாரம் வெளிச்ச நேரம் என்று ஒன்று வந்தது. அவரவர் எழுந்து அவரவர் தப்பைச் சொல்லவேண்டும். என் முறை வந்தபோது, நான் லிஃப்டில் ஏற்றிய யானையைப் பற்றி இத்தனை வருஷமாகச் சொன்னது பொய், அது ஒரு குண்டு வக்கீல் மட்டும்தான் என்று சொன்னேன். சபையே விழுந்து விழுந்து சிரித்தது. விசிலும் சிரித்தான். சித்தப்பாவுக்கு மன்னிப்பு உண்டு, ஆனா திருந்தமாட்டார் என்றான். அன்றைக்கு எனக்கு அது பரிசு மாதிரி இருந்தது.

கொஞ்ச நாளில் அவரவர் தப்பு தீர்ந்துபோனது. மனுஷனிடம் வாரத்துக்கு ஒன்று என்று எத்தனை தப்புதான் ஸ்டாக் இருக்கும்? அதனால் அடுத்தவர் தப்பைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அன்போடு சொல்கிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் சொன்னார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, கதவோரம் கிடந்த கடைசி பெஞ்சைக் காட்டினான் விசில். மனம் திரும்பும்வரை அதில் உட்காரவேண்டும், அதுவரை சபையார் யாரும் அவர்களோடு பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது. சுண்டு, அந்தப் பெஞ்சு யாருடையது என்று யோசித்துப் பார். சாவியாக இருக்கிறவன் உட்காருகிற இடம் அது. தான் உட்காரவேண்டிய இடத்தை அவன் தண்டனையாக மாற்றிவிட்டான், நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. வருஷம் முடிந்து மறுபடி சீட்டு எடுக்கிற நாள் வந்தபோது, கர்த்தர் ஒரு தரம் காட்டிவிட்டார், திரும்பத் திரும்பக் கேட்டு அவரைச் சோதிக்கவேண்டுமா என்று ஒருவர் எழுந்து கேட்டார். எல்லாரும் ஆமென் என்றார்கள். காணிக்கைப் பையை மடித்து வைத்துவிட்டோம். சீட்டு கர்த்தருடையது என்று நம்பித்தானே எடுத்தோம், அப்படியானால் அவர் எடுத்துக்கொடுத்தவனை யார் கேள்வி கேட்பது? யாருக்கும் பிடி கொடுக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடே அவனுக்குப் பிடியாகிவிட்டது.

இப்போது அந்தப் பெஞ்சில் இருப்பது நம் தையல்காரம்மா. படிக்கட்டுக்குக் கீழே ஆள் நிமிர முடியாத அறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் உன் பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்பைப் பிரித்துப் பிரித்து உன்னை வளரவிட்டாளே, அவளேதான். அவளிடம் யாரும் துணி கொடுக்கக் கூடாது என்றான பிறகு சபையின் கோலத்தை நீ பார்க்கவேண்டும். ஊக்கு இல்லாத உடம்பே கிடையாது. முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது கேட்கிற சத்தத்தில் பாதி ஸ்தோத்திரம், பாதி தையல் விடுகிற சத்தம். பாட்டுக்குழுவில் ஒருவர் கையைத் தூக்கிப் பாடியதில் அக்குள் முழுக்கப் பிரிந்து, அதற்குப் பிறகு அவர் கையை ஒட்டவைத்துக்கொண்டே துதிக்கிறார். என் கால்சட்டைக்குச் சித்தி பித்தான் தைத்தாள், இப்போது பித்தானும் ஓட்டையும் ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கின்றன. சிரித்துவிட்டாயா? சிரித்துக்கொள். இனி வருவதில் சிரிக்க ஒன்றும் இல்லை, ஒரு சொல்லையும் நான் கூட்டப்போவதில்லை.

அவள் பெஞ்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள், நம் சபை ஹார்டுவேர் கடைக்காரரின் மருமகள் அவளிடம் சட்டை தைக்கக் கொடுக்க வந்திருக்கிறாள். அளவெடுக்கிறபோது தையல்காரம்மா அவள் முதுகைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குத் தேவையானதை ஒரு பையில் எடுத்துக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள். எந்த ஊருக்கு என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. இதை அவள் ஒளித்து வைக்கவில்லை. வெளிச்ச நேரத்தில் விசில் கேட்டபோது எழுந்து நின்று, "ஆமா, நான்தான் அனுப்பினேன். எங்கன்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன்" என்றாள். அந்தப் பெண்ணின் புருஷன், ஹார்டுவேர் கடைக்காரரின் மகன், அவனும் அங்கேதான் இருந்தான். அவன் எழுந்து முன்னால் போய் முழங்காலில் விழுந்தான். கோபத்தில் ஒரு தடவை கை நீட்டிவிட்டேன், நான் பாவி, எனக்கு என் மனைவி வேண்டும் என்று தேம்பினான். அவன் அழுகையில் ஜன்னல் கண்ணாடி... இல்லை, கூட்டமாட்டேன் என்று சொன்னேன். நன்றாக அழுதான், அவ்வளவுதான். விசில் அவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டான். வரிசையாகப் போய் எல்லாரும் கட்டிக்கொண்டோம், நானும். தையல்காரம்மா மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஒரு தடவை அடிபட்ட முதுகு இல்ல அது" என்றாள். பாவி மனம் திரும்பும்போது குறுக்கே நிற்பது யாருடைய வேலை என்று நமக்குத் தெரியும் என்று விசில் சொன்னான். சத்தமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னான். அவனுக்கு அவள் மேல் உண்மையாகவே துக்கம். பிறகு கையைக் கதவுப் பக்கம் நீட்டினான். அவள் பையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்து நான் பின்பக்கக் குழாயடிக்குக் கண் கழுவப் போனேன். அழுததில் கண் எரிந்தது. பக்கத்துக் குழாயில் அந்தப் பையன், அதாவது அந்தப் புருஷன், முகம் கழுவிக்கொண்டிருந்தான். கைக்குட்டையால் துடைத்து, சுவரில் மாட்டியிருக்கிற சின்னக் கண்ணாடியில் காலரைச் சரிசெய்துகொண்டான். கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தெரிந்த ஆளிடம் கேட்கிற மாதிரி, சாதாரணமாக, "எப்படி அங்கிள், நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான் மகளே. பல்லைக் காட்டவில்லை, மிரட்டவில்லை. நாடகம் முடிந்து திரைக்குப் பின்னால் வந்த நடிகன் இன்னொரு நடிகனிடம் கேட்பானே, அப்படிக் கேட்டான். இந்தச் சபையில் கூத்துக் கட்டுகிறவன் நான் ஒருவன்தானே, அதனால் நான்தான் தன் வேலையை எடைபோடத் தகுந்த ஆள் என்று நினைத்திருக்கிறான். நான் குழாயை மூடினேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டு, "அவ வருவா அங்கிள், எங்க போயிடுவா" என்று சொல்லிவிட்டுப் போனான். தோளில் அந்தக் கை பட்ட இடத்தை வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன்.

சின்ன வயதிலிருந்து சாத்தானைப் பற்றி எத்தனையோ கதை சொல்லி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறேன். கட்டிலுக்கடியில் கொம்பு, கதவிடுக்கில் வால், கந்தகப் புகை. அத்தனையும் என் கற்பனை. எனக்கே பயமில்லாததால்தான் அவ்வளவு வால் வைக்க முடிந்தது. அது இப்படிக் காலரைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாக, நம்மிடமே அபிப்பிராயம் கேட்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவினாரே, காட்டிக்கொடுக்கப்போகிறவனின் காலும் அந்த வரிசையில் இருந்தது என்று போதகர் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உருகும். இப்போது அதை நினைத்தால் வேறொன்று தோன்றுகிறது. ஆண்டவர் தெரிந்து கழுவினார். அது யாருடைய கால், எங்கே நடக்கப்போகிற கால் என்று தெரிந்து கழுவினார். நம் விசில் தெரியாமல் கழுவுகிறான். கழுவிவிட்டு, அந்தக் காலுக்கு வழியும் காட்டுகிறான்.

அன்றைக்கே அவனிடம் சொன்னேன். என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆமாம், டிப்போவில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து இப்போதும் அவன்தான் தேய்க்கிறான், நான் வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. குழாயடியில் நடந்ததை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். தேய்க்கிற கை நிற்கவேயில்லை. "சித்தப்பா, நீங்க எப்பவும் கொஞ்சம் கூட்டித்தானே சொல்வீங்க" என்றான், சிரித்துக்கொண்டே. இது கூட்டியது இல்லை என்றேன். "யானையும் கூட்டினது இல்லன்னுதான் சொன்னீங்க" என்றான். நான் குரலை உயர்த்தினேன். அதற்கு அவன், மனம் திரும்பினவனைச் சந்தேகப்படுவது பாவம், நம்ம வீட்டிலிருந்தே இது வரக் கூடாது, நீங்க என்னை வளர்த்தீங்கன்னுதான் இதை நான் வெளிச்சத்துக்குக் கொண்டு வரல என்றான். தைல பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, முழங்காலைத் துணியால் சுற்றி, தலையணை வைத்துவிட்டுப் போனான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் மகளே. தலையணை வைத்துவிட்டுப் போனான்.

போதகரிடம் போனேன். அவர் வீட்டு முன்னறையில், பேச முடியாதவராக, காற்றுக் குரலில்தான் சொல்கிறார், காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் வைக்கவேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. "அந்தப் பையன் அழுதப்போ நானும் அழுதேனேப்பா" என்றார். அப்புறம் நீண்ட நேரம் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். இப்போ என்ன செய்யலாம் ஐயா என்று கேட்டேன். ஜெபம் பண்ணுவோம் என்றார். வாழ்நாளெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டு எழுந்து நின்றவன் நான். அன்றைக்கு முதல் தடவையாக அது எனக்குக் கதவு சாத்துகிற சத்தமாகக் கேட்டது. ஆனாலும் பண்ணினோம், இரண்டு கிழவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு. ஒருவருக்குக் குரல் இல்லை, ஒருவருக்குக் குரலுக்கு மதிப்பில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் போனில் சொன்னபோது நீ சிரித்தாய், இப்போது மறுபடியும் சொல்கிறேன். லிஃப்டில் இருந்தபோது கதவு மூடுகிற நேரத்தில் யாராவது ஓடி வந்தால் காலைக் குறுக்கே வைத்து நிறுத்துவேன். வருகிறது மேனேஜரா, குப்பைக்கூடை எடுக்கிற அம்மாவா என்று பார்த்ததில்லை, அதற்கெல்லாம் நேரம் இருக்காது. அந்தப் பெண்ணுக்காகத் தையல்காரம்மா செய்ததும் அதுதான். அவளுக்கு யாராவது செய்யவேண்டுமே. ஆராதனை நடுவில் எழுந்து, ஊக்கு குத்திய என் கோட்டைச் சரிசெய்துகொண்டு, நடுவழியாக நடந்து போய், கடைசி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. முகத்தைக்கூட ஒன்றும் செய்யவில்லை. சுண்டு, சபை சிரித்தது. முதலில் பாட்டுக்குழுவில் ஒருவர், அப்புறம் பெண்கள் பக்கம், அப்புறம் எல்லாரும். சித்தப்பா அடுத்த கூத்தை ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தார்கள். "யானை எங்கே?" என்று ஒருவர் கேட்டார். விசிலும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அந்தப் புருஷன் முதல் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து, மெதுவாக, இரண்டு கையாலும் தட்டினான். நான் எழுந்து நின்று இது விளையாட்டு இல்லை என்று சொன்னேன், அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அப்போது தையல்காரம்மா என் பக்கம் திரும்பாமலே, "லிஃப்டண்ணே, எந்திரிச்சுப் போயிடுங்க. இவ்வளவு நாளா என்னைப் பாத்துப் பயந்தாங்க. இப்ப சிரிக்கிறாங்க" என்றாள். நான் எழுந்து பழைய இடத்துக்குத் திரும்பி வந்தேன். அந்த நடைவழி அவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து சித்தியிடம், நீயாவது நம்புகிறாயா என்று கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நம்பினா மட்டும் என்ன செய்யப்போறேன், அவனை இடுப்புல வெச்சு வளத்தவ நான்" என்று சொல்லிவிட்டு, மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

இப்போது நடப்பது இது. விசில் டிப்போவில் ஒவ்வொரு கண்டக்டராகப் பிடித்து விசாரித்துக்கொண்டிருக்கிறான். எல்லா வண்டியும் அவன் மேஜையைத் தாண்டித்தானே போகவேண்டும். ஒரு கண்டக்டருக்கு, பையோடு அழுதுகொண்டே வந்த ஒரு பெண் ஞாபகம் வந்துவிட்டதாம், இறங்கின ஊரையும் சொல்லிவிட்டானாம். சேர்த்து வைக்கிற ஊழியம் என்று சொல்லிக்கொண்டு, விசிலும் அந்தப் புருஷனும் ஹார்டுவேர் கடைக்காரரின் காரில் அந்த ஊருக்குப் போகப்போகிறார்கள். விசிலுக்கு லீவு கிடைத்தவுடன் புறப்பாடு. விண்ணப்பம் மேலே போயிருக்கிறது. ஆகவே சபையில் எல்லாரும் அந்தப் பெண்ணின் கல்நெஞ்சைக் கரைத்தருளும் என்று ஜெபிக்கிறபோது, உன் சித்தப்பா மட்டும், ஆண்டவரே, டிப்போ மேனேஜரின் நெஞ்சைக் கல்லாக்கும், கல் போதாது, இரும்பாக்கும், லீவு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் காது அடைத்துப்போகட்டும் என்று மன்றாடிக்கொண்டிருக்கிறேன். ஒரு மனுஷனிடம் மிச்சமிருக்கிற ஆயுதம் இவ்வளவுதான் என்றால் பார்த்துக்கொள். போலீஸுக்குப் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், அடிபட்டவங்க எங்க, கூட்டிட்டு வாங்க என்றார். அவள் எங்கே என்று தெரிந்தவர்களில் ஒருத்தி சொல்லமாட்டாள், மற்றவர்கள் அவளைப் பிடிக்கப் போகிறவர்கள். தையல்காரம்மாவிடம், அவர்களுக்கு ஊர் தெரிந்துவிட்டது, அந்தப் பெண்ணை வேறிடத்துக்கு மாறச் சொல் என்று சொல்லப் போனேன். மிஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணிடம் போன் இல்லையாம். இறங்கினதும் யாரிடம் போகவேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறாள், அங்கே போய்ச் சேர்ந்தாளா என்றுகூட இவளுக்குத் தெரியாது. இவள் நேரில் போனால் பின்னாலேயே கார் வரும். கையில் மாட்டியிருந்த ஊசி மெத்தையிலிருந்து ஒரு குண்டூசியை எடுப்பதும் திரும்பக் குத்துவதுமாக இருந்தாள்.

உன் அண்ணன் யார் சொல்லையும் கேட்பதில்லை, உன் சொல்லைத் தவிர. அது உனக்கும் தெரியும். சின்ன வயதில் நான் கதை விடும்போது, எந்த இடத்தில் நிஜம் முடிந்து சரக்கு ஆரம்பிக்கிறது என்று உனக்கு மட்டும் தெரியும், அந்த இடம் வந்ததும் என் காதைப் பிடித்து இழுப்பாய். அவன் உன் முகத்தைப் பார்ப்பான், நீ காதை இழுக்காவிட்டால் நம்புவான். இந்தக் கடிதத்தை அப்படிப் படி மகளே. குழாயடிக்கு வந்ததும் நிதானமாகப் படி. காதை இழுக்கவேண்டிய இடம் ஏதாவது இருக்கிறதா என்று பார். இல்லை என்று உனக்குத் தோன்றினால் அவனைக் கூப்பிட்டு அதை மட்டும் சொல். அவன் கேட்பானா என்று எனக்குத் தெரியாது. கேட்பான் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் கூட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேனே. நீயும் நம்பாவிட்டால் அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் வராது, நான்தானே உனக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவன்.

நீ படமெடுக்கிற அந்த மிஷின் எலும்பைக் காட்டுகிறது. நெஞ்சுக்குள் இருப்பதைக் காட்டுகிற மிஷின் ஒன்று வந்தால் முதலில் என்னை நிறுத்திப் படமெடு. இவ்வளவு நாள் அவன் தோளில் தட்டி, ஆகா ஓகோ என்று விசிலடித்துக்கொண்டிருந்த எனக்குள் என்ன இருந்தது என்று பார்க்கவேண்டும்.

கர்த்தர் உன் போக்கிலும் உன் வரத்திலும் உன்கூடவே நடக்கட்டும். உன்னை ஆள வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் கையில் துடைப்பமும் இருக்கட்டும். யாராவது கதவருகே ஓடி வந்தால் உன் கால் தானாகவே குறுக்கே போகட்டும். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, மேலங்கியை மறக்காதே. அண்ணனைக் கூப்பிடு. காலையில் வேண்டாம், வண்டி புறப்படுகிற நேரம், விசில் வாயில் இருக்கும். சாயங்காலம் எனக்குத் தைலம் தேய்க்கிற நேரத்தில் கூப்பிடு, அப்போது கை வேலையாக இருக்கும், காது சும்மா இருக்கும், நானும் பக்கத்தில் இருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன்.

இந்தக் கடிதத்தைச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், நீயும் ஒரு வரி எழுது என்று பேனாவை வைத்தேன். எடுக்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள். இடம் அப்படியே இருக்கட்டும், நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

பட்டம் பதவி எதுவும் இல்லாமல்,
உன் சித்தப்பா

மகளே, இவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைக் கேள் என்று உனக்கு எப்போதும் சொல்வேன். இதில் எதையும் தள்ளாதே. அண்ணனோடு பேசும்போது கத்தாதே. அவனும் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. — சித்தி